தொண்ணூறு துளைகள், ஆறு உடைந்த பிட்டுகள்

என் அக்கா வீட்டுக்காரர் பென்னாகரம் பக்கத்தில் ஒன்றரை ஏக்கரில் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறார். கூடு அறுத்ததும் தருமபுரி அங்காடிக்குக் கொண்டுபோவார். சித்திரை பிறந்தால் மாமாவுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். நான்காம் பருவப் புழுவுக்கு வெப்பம் 24, 25 டிகிரியிலும் ஈரப்பதம் 70 முதல் 75 சதவீதத்திலும் நிற்க வேண்டும். எங்கள் பக்கத்து வெயில் இதற்கெல்லாம் கட்டுப்படாது. புழு மனையில் தண்ணீரைப் புகையாகத் தூவும் ஃபாகர் ஒன்றும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றும் மாட்டியிருந்தார். அவற்றைப் போடுவதும் நிறுத்துவதும் அக்காவின் பொறுப்பு, நள்ளிரவு உட்பட.

"ஊரார் இன்வெர்ட்டரையெல்லாம் சரிசெய்து கொடுக்கிறாய். இதற்கு ஒன்று செய்து தரக் கூடாதா?" என்று அக்கா கேட்டபோது எனக்கு மறுக்க வாயில்லை. பாலக்கோட்டில் மிக்ஸியும் இன்வெர்ட்டரும் பழுது பார்க்கும் சிறிய கடை என்னுடையது. சர்க்யூட்டுக்குப் பெரிய மூளை தேவைப்படவில்லை: ஓர் ஆர்டுவினோ நானோ (விரலளவு கணினி), வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் ஒரு டிஎச்டி22 சென்சார், ஃபாகரையும் ஃபேனையும் போட்டு நிறுத்த இரண்டு ரிலே, சிறிய எல்.சி.டி. திரை. இவற்றைச் செம்புத் தடங்களால் இணைக்கும் போர்டை (பிசிபி) நானே செய்தேன். போர்டு செய்வதும் பெரிய காரியமில்லை. அதில் துளை போட்டதுதான் மூன்று வாரம் எடுத்துக்கொண்டது. அந்த மூன்று வாரத்தை மட்டும் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஹைலம் போர்டு எடுத்திருந்தால் இவ்வளவு பாடு இல்லை. பழுப்பு நிறத்தில், துளையிடும்போது கருகிய வாடை வரும் அந்தக் காகித அட்டையைச் சாதாரண எச்.எஸ்.எஸ். பிட் (எஃகில் செய்த துளையிடும் முனை) வெண்ணெய் போல அறுக்கும். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும். நாள் முழுவதும் ஃபாகர் அடிக்கும் மனையில், 230 வோல்ட் ஓடும் ரிலேயைத் தாங்கும் அட்டைக்கு அது லாயக்கில்லை. ஆகவே கிளாஸ் எபாக்ஸி: எஃப்.ஆர்.4 என்பார்களே, வெளிச்சத்தில் பிடித்தால் பச்சையும் மஞ்சளுமாய் ஊடுருவித் தெரிவது. 1.6 மில்லிமீட்டர் தடிமன். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது: கண்ணாடி இழை. அதைத் துளைப்பது கண்ணாடியைத் துளைப்பதுதான்; எபாக்ஸி அந்த இழைகளைப் பிடித்துவைத்திருக்கும் பசை மட்டுமே.

தடங்களின் படத்தை டோனர் மையாகச் செம்பில் ஒட்டி, மை மூடாத செம்பை ஃபெரிக் குளோரைடில் கரைத்து, கழுவி எடுத்த பிறகு துளைகளை எண்ணினேன். நான்கு மூலைத் துளைகள் நீங்கலாகத் தொண்ணூறு.

முதல் முயற்சியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சுவரில் ஆணி அடிக்கும் வீட்டு டிரில்லை எடுத்தேன். ஹார்டுவேர் கடையில் வாங்கிய ஒரு மில்லிமீட்டர் எச்.எஸ்.எஸ். பிட்டை அதன் 10 மில்லிமீட்டர் சக் பிடிக்கவே இல்லை. மூன்று தாடையும் முழுக்க மூடிய பிறகும் நடுவில் இடைவெளி. பிட்டின் கால்பகுதியில், அதாவது சக்குக்குள் போகும் முனையில், செம்புக் கம்பியைச் சுற்றித் தடிமனாக்கிச் செருகினேன். பிடித்தது. சுற்றவும் செய்தது. ஆனால் நுனி ஒரு புள்ளியில் நிற்காமல் வட்டம் போட்டது. முதல் ஐந்து துளையில் இரண்டு பேட் வளையம் (துளையைச் சுற்றியுள்ள செம்பு) அப்படியே பிய்ந்து வந்துவிட்டது.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த மாமா சொன்னார்: "மாப்பிள்ளை, போர் லாரிக்காரன் ஆயிரம் அடி கருங்கல்லில் ஓட்டை போட்டுவிட்டுப் போகிறான். நீ இந்த அட்டையில் போட முடியாமல் திண்டாடுகிறாயே!"

கேலிதான். ஆனாலும் அதில் விடையும் இருந்தது. போர் லாரியின் சுத்தியல் பிட்டின் முகத்தில் குமிழ் குமிழாய்ப் பதித்திருப்பது டங்ஸ்டன் கார்பைடு. கருங்கல்லைத் தின்பது அந்தக் குமிழ்கள்தான், சுற்றியிருக்கும் இரும்பு இல்லை. கண்ணாடி இழைக்கும் அதே பொருள்தான் வேண்டும்.

ஒரு ஞாயிறு விட்டுத் திங்கட்கிழமை ரயிலேறிப் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். பிசிபிக்கென்றே செய்த கார்பைடு பிட் அங்கே பத்துப் பத்தாகப் பிளாஸ்டிக் டப்பியில் கிடைக்கிறது. நுனி எவ்வளவு மெல்லியதானாலும் பிடிக்கும் கால்பகுதி எல்லாவற்றுக்கும் ஒரே தடிமன்: 3.175 மில்லிமீட்டர், அதாவது எட்டில் ஒரு அங்குலம். சக் பிடிக்கவில்லை என்ற தொல்லை அதோடு தீர்ந்தது. தொழிற்சாலைகளில் ஒரு முறை பயன்படுத்தி, மறுபடி சாணை பிடித்த பிட்டுகளே விலை குறைவாக வருகின்றன. நம் வேலைக்கு அவை தாராளம். வாங்கும்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டும் என்று காசு கொடுத்துத்தான் கற்றேன்.

ஒன்று, கலப்பு டப்பி வாங்கக் கூடாது. நான் வாங்கிய ஒரு டப்பியில் மூன்று பிட்டுகள் துளை போடவே மறுத்தன. பூதக்கண்ணாடியில் பார்த்தால் உடல் முழுக்க அன்னாசித் தோல் போலக் குறுக்கும் நெடுக்குமாய் வெட்டு. நுனி மீன்வால் போலப் பிளந்திருந்தது. அவை போர்டின் ஓரத்தைப் பக்கவாட்டில் அறுத்தெடுக்கும் ரவுட்டர் பிட்டுகள். துளையிடும் பிட்டில் சுருள் பள்ளம் தெளிவாகத் தெரிய வேண்டும், நுனி கூம்பாக முடிய வேண்டும்.

இரண்டாவது, கழுத்திலுள்ள வண்ண வளையத்தை நம்பக் கூடாது. இந்த டப்பியில் 0.8க்கு வந்த நிறம் அடுத்த கம்பெனி டப்பியில் 1.0க்கு வருகிறது. காலில் பொறித்த எண்ணைப் படிக்க வேண்டும். அது அழிந்திருந்தால் காலிப்பரை மெதுவாக, பூப்போல வைத்து அளக்க வேண்டும். அழுத்தினால் வெட்டு முனை சில்லுப் பெயர்ந்துவிடும். எனக்கு ஒன்று பெயர்ந்தது.

புதுப் பிட்டுகளோடு வந்து அதே வீட்டு டிரில்லில் மாட்டி, கையாலேயே பிடித்து இறக்கினேன். டிங்! கண்ணாடியணிந்த கண்ணுக்கு நேரே ஏதோ தெறித்தது. பதினொரு துளைக்குள் நான்கு பிட்டுகள் போயின. அன்றிலிருந்து பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் நான் சுவிட்சைத் தொடுவதில்லை.

எச்.எஸ்.எஸ். பிட் மூங்கில் குச்சி மாதிரி. வளையும், பொறுத்துக்கொள்ளும். கார்பைடு சிலேட்டுப் பலப்பம். நேராக அழுத்தினால் நன்றாகத் தாங்கும்; பக்கவாட்டில் மயிரிழை சாய்த்தால் இரண்டு துண்டு. மனிதக் கையால் பக்கவாட்டு அசைவு இல்லாமல் ஒரு டிரில்லைப் பிடிக்கவே முடியாது. நான் குற்றம் சொன்னது பிட்டை. குற்றம் பிடித்த கையில் இருந்தது.

அடுத்ததாக ஒரு பழைய 775 மோட்டாரை எடுத்து, தண்டில் பிட்டைப் பிடிக்கும் பித்தளைக் காலெட் மாட்டி, 12 வோல்ட் அடாப்டரில் ஓட்டினேன். இலகுவாக இருந்ததால் கை நடுக்கம் குறைந்தது. இருந்தும் ஒரு பிட் உடைந்தது. உடையாத பிட்டும் துளையைப் பெரிதாக்கியது. ஏன் என்று விளங்காமல் மோட்டாரை ஓடவிட்டு முறைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்து, "நுனி ஏன்டா இரண்டாகத் தெரிகிறது?" என்றாள்.

ஊசியில் நூல் கோத்துப் பழகிய கண். உண்மையிலேயே இரண்டாகத்தான் தெரிந்தது. நேராகச் சுற்றும் பிட்டின் நுனி, சுற்றும்போதும் நிற்கும்போதும் ஒரே தடிமனாகத் தெரிய வேண்டும். ஆடுகிற பிட் சுற்றும்போது பருத்துத் தெரியும். பித்தளைக் காலெட்டை மோட்டார் தண்டோடு பிடிப்பது பக்கவாட்டில் இருக்கும் ஒரு சிறு திருகு. அதை முறுக்கும்போதே காலெட் ஒரு பக்கம் தள்ளப்படுகிறது. மையம் விலகுவது அங்கேதான்.

அதன்பின் எந்த இயந்திரத்தையும் இப்படிச் சோதிக்கிறேன். 0.8 பிட்டால் ஒரு கழிவுத் துண்டில் துளை போட்டு, அதே துளையில் 1.0 பிட்டின் நுனியைக் கையால் நுழைத்துப் பார்க்கிறேன். நுழைந்தால் இயந்திரம் ஆடுகிறது. என் 775 மோட்டாரில் 1.0 தாராளமாக நுழைந்தது. அப்படியானால் ஒவ்வொரு சுற்றிலும் பிட் அந்த அளவுக்கு வளைந்து நிமிர்ந்துகொண்டிருந்திருக்கிறது. பலப்பம் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

ஆக, எந்த பிட் வாங்குவது என்ற கேள்விக்கு முன்னால் எதில் மாட்டப்போகிறோம் என்ற கேள்வி நிற்கிறது. கையில் பிடிக்கும் சிறு மோட்டாரோ, விரலால் திருகும் கை டிரில்லோ மட்டும்தான் இருக்கிறது என்றால் எச்.எஸ்.எஸ். வாங்குங்கள், முடிந்தால் ஹைலம் போர்டாகவே எடுங்கள். கிளாஸ் எபாக்ஸியிலும் எச்.எஸ்.எஸ். போகும், ஆனால் சீக்கிரம் மழுங்கும். எனக்கு முப்பதாவது துளைக்கு மேல் முனகத் தொடங்கியது. மழுங்கியதைக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி தேவையில்லை. துளையைச் சுற்றிச் செம்பு பிசிறாய் எழும்பி விரலில் உரசும். அட்டைக்குள் வெள்ளையாய் ஒரு வளையம் தெரியும். அந்த வெள்ளை, அறுபடாமல் பிய்ந்த கண்ணாடி இழை. அதற்குமேல் அந்த பிட்டை அழுத்தினால் பேட் கையோடு வந்துவிடும். கார்பைடு வேண்டுமென்றால் ஸ்டாண்டு வேண்டும். இதில் நடுவழி இல்லை.

கடைசியில் 3.2 மில்லிமீட்டர் காலெட் உள்ள ரோட்டரி டூல் ஒன்றையும், அதை நிறுத்தி வைத்து இறக்கும் சிறிய ஸ்டாண்டு ஒன்றையும் வாங்கினேன். ஸ்டாண்டின் கை முதலில் பக்கவாட்டில் லொடலொடத்தது. பவுடர் டப்பாத் தகரத்தில் ஒரு பட்டை வெட்டி இடைவெளியில் செருகியதும் அடங்கியது. சோதனைத் துளையில் 1.0 பிட் நுழையவில்லை. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் போட்டே ஆக வேண்டும். மெல்லிய பிட்டுக்கு மெதுவாகச் சுற்றுவதே பத்திரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நேர்மாறு. 1.6 மில்லிமீட்டர் அட்டையை ஒரு விநாடியில் துளைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 2,800 சுற்றுப் போடும் வீட்டு டிரில், அந்த ஒரு விநாடியில் சுமார் 47 முறை சுற்றும். ஒரு சுற்றுக்கு பிட் 0.034 மில்லிமீட்டர் கடிக்க வேண்டும். நிமிடத்துக்கு 20,000 சுற்றுப் போடும் ரோட்டரி டூலில் அதே விநாடியில் 333 சுற்று. ஒரு சுற்றுக்கு 0.005 மில்லிமீட்டர்கூட வராது. ஏழில் ஒரு பங்குச் சுமை. முள்வாங்கி போன்ற 0.8 பிட்டுக்கு அந்த வித்தியாசம் உயிர் பிழைக்கும் வித்தியாசம். பெரிய தொழிற்சாலைகளில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓட்டுவது சும்மா இல்லை.

இனி அளவு. கடையில் 0.5இலிருந்து வரிசையாக இருக்கும். பார்த்தால் எல்லாம் வேண்டும்போலத் தோன்றும். என் தொண்ணூறு துளைக்கு மூன்றே அளவுதான் தேவைப்பட்டது. போர்டில் செருகும் பாகத்தின் கால் தடிமனோடு 0.2 அல்லது 0.3 மில்லிமீட்டர் கூட்டினால் துளையின் அளவு. அதைவிட இறுக்கினால் கால் நுழையாது. தளர்த்தினால் ஒற்றைப் பக்கப் போர்டில் ஈயம் இடைவெளியை நிரப்பாமல் பள்ளம் விழும். கால் வாட் ரெசிஸ்டர், பிசி547 டிரான்சிஸ்டர், எல்.இ.டி., சிறு கெப்பாசிட்டர் எல்லாவற்றுக்கும் 0.8. இப்படி 28 துளைகள். நானோ உட்காரும் சாக்கெட்டு, திரைக்கான ஹெடர் பின், 1என்4007 டயோடு, 7805 ரெகுலேட்டர் இவற்றுக்கு 1.0. அவை 41. ரிலேக்கும் திருகு டெர்மினலுக்கும் 1.3. அவை 21.

ஹெடர் பின்னில் ஒரு தடவை ஏமாந்தேன். காலிப்பரில் அளந்தால் 0.64 காட்டுகிறது. 0.8 போதும் என்று நான்கு துளை போட்டேன், பின் இறங்கவில்லை. பின் சதுரம், துளை வட்டம். சதுரத்துக்கு மூலைக்கு மூலை அளக்க வேண்டும்: 0.64ஐ 1.414ஆல் பெருக்கினால் 0.9. ஆகவே 1.0. எட்டாம் வகுப்புக் கணக்கு, நாற்பது வயதில் காலை வாரியது.

அந்த நான்கு துளையையும் 1.0 கார்பைடால் இயந்திரத்திலேயே பெரிதாக்கப் பார்த்து, முதல் துளையிலேயே பிட் ஓரத்தைக் கவ்விக்கொண்டு கிறீச்சிட்டதும் நிறுத்திவிட்டேன். ஏற்கெனவே உள்ள துளையில் கார்பைடு நுனிக்கு ஊன்ற நடு இல்லை. ஓரம் மட்டும் கடிக்கும். பெரிதாக்கத்தான் வேண்டுமென்றால் எச்.எஸ்.எஸ். பிட்டைக் கை டிரில்லில் மாட்டி விரலால் திருகுவது நல்லது. மூலையில் எம்3 திருகுக்கு வேண்டிய 3.2 துளைக்குச் சாதாரண இரும்பு பிட்டே போதும்.

பேட் வரைவதிலும் பிட்டுக்கு ஒரு பங்கு உண்டு. முதல் போர்டில் துளையின் முழு அளவையும் வெள்ளையாக விட்டு அச்சிட்டிருந்தேன். 0.8 வட்டத்துக்குள் 0.8 பிட் எங்கே வேண்டுமானாலும் ஊன்றலாம். வளையத்தின் ஓரத்தில் ஊன்றினால் செம்பைப் பிய்க்கும். இரண்டாவது போர்டில், போர்டு வரையும் கிகேட் மென்பொருளில் துளைக்குறியைச் சிறியதாக அச்சிடும் வசதியைத் தேர்ந்தெடுத்தேன். நடுவில் சிறு புள்ளியளவுக்குச் செம்பு கரைந்து குழியாகிறது. பிட் நுனி அந்தக் குழியில் தானாக இறங்கி உட்கார்ந்துகொள்கிறது, பல்லாங்குழியில் புளியங்கொட்டை போல. பேட் அளவையும் கூட்டினேன். 1.6 பேடில் 0.8 துளை போட்டால் சுற்றிலும் 0.4 வளையம் மிஞ்சும். அதே பேடில் 1.0 போட்டால் 0.3தான். கை வேலைக்கு அது போதாது என்பதால் 1.0 துளைகளுக்கு 1.8 பேட் வைத்தேன். 230 வோல்ட் போகும் தடத்துக்கும் மற்றவற்றுக்கும் இடையே 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் விட்டதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

துளையிட்ட இடம் மாமா வீட்டுத் திண்ணை. புழு மனைப் பக்கமே என்னை அண்டவிடவில்லை. அங்கே நுழைவதென்றால் கிருமிநாசினியில் கால் நனைத்து, கை கழுவித்தான் நுழைய வேண்டும். கண்ணாடித் தூசியோடு வருகிறவனுக்கு என்ன வேலை? அவர் சொன்னது நியாயம். அந்தத் தூசி புழுவுக்கு ஆகாது, நம் நெஞ்சுக்கும் ஆகாது. முகக்கவசம் கட்டிக்கொண்டேன். வாயால் ஊதித் தள்ளும் பழக்கத்தை விடுவதுதான் கஷ்டமாக இருந்தது. ஈரத் துணியால் ஒற்றி எடுத்தேன்.

போர்டுக்கு அடியில் பழைய எம்.டி.எஃப். பலகைத் துண்டு. அடியில் அது ஒட்டி நிற்பதால் பிட் வெளியேறும் பக்கம் சிதறாது. இறங்கிய பிட் இரும்பு மேடையில் மோதவும் மோதாது. செம்புப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்தேன். அப்போது பிட் செம்பை அட்டையோடு சேர்த்து அழுத்திக்கொண்டு இறங்குகிறது. மறுபக்கத்திலிருந்து துளைத்தால் வெளியே வரும்போது செம்பை உரித்துத் தள்ளும். இறக்குவது ஒரே சீராக, ஏற்றுவதும் அப்படியே. பாதியில் நிறுத்தி யோசித்தால் எபாக்ஸி சூடேறி பிட்டில் இழுகிப் பிடிக்கும்.

0.8 துளைகள் 28ம் கால் மணி நேரத்தில் முடிந்தன. 1.0 துளைகள் 41ம் ஒரே பிட்டில், முனகல் இல்லாமல். 1.3 போடும்போது எனக்குத் திமிர் ஏறிவிட்டது. எண்பத்தெட்டாவது துளை முடிந்து பிட் முழுக்க மேலே வருவதற்குள், அடுத்த துளைக்காக இடது கை போர்டை நகர்த்தியது. டிங். ஆறாவது பிட். அந்த அளவில் என்னிடம் இருந்தது அந்த ஒன்றுதான்.

"தொண்ணூறில் இரண்டுதானே பாக்கி, விடேன்" என்றார் மாமா. பாக்கி இருந்தது ஃபாகருக்கான டெர்மினலின் இரண்டு கால். அது இல்லாமல் போர்டு எதற்கு? 1.0 கார்பைடால் துளைத்து, பழைய எச்.எஸ்.எஸ். 1.3 பிட்டைக் கை டிரில்லில் மாட்டி, களி கிண்டுவது போல அரை நிமிடம் திருகித் திருகிப் பெரிதாக்கினேன். பேட் போகவில்லை.

ஈயம் வைத்து, வார்னிஷ் பூசி, பெட்டிக்குள் மாட்டியது மறுநாள். மனைக்குள் சென்சாரைத் தொங்கவிட்டதும் திரையில் 61 சதவீதம் என்று வந்தது, ரிலே டக்கென்றது, ஃபாகர் சீறியது. அக்கா சுவிட்ச் பக்கம் போகவில்லை.

உடைந்த 1.3 பிட்டின் தண்டை மாமா உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். "போர் லாரியில் இருப்பதும் இதேதானா?" என்று கேட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பக்கத்துத் தோட்டத்துக்காரரும் இப்போது ஒரு பெட்டி கேட்டிருக்கிறார். அடுத்த முறை எஸ்.பி. ரோட்டுக்குப் போகும்போது 0.8இலும் 1.0இலும் ஐந்தைந்து போதும், 1.3 மட்டும் பத்து வாங்க வேண்டும்.